ஊருக்கு உபதேசம்: அமெரிக்காவில் இதெல்லாம் நடந்தது தெரியுமா?

கொரோனா வேகமாகப் பரவிக்கொண்டிருந்த 2020 நவம்பர். டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினின் மேயர் ஸ்டீவ் அட்லர் ஒரு வீடியோ வெளியிட்டார். முடிந்தவரை வீட்டிலேயே இருங்கள், அசட்டையாக இருக்கும் நேரம் இதுவல்ல என்று ஊர்மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வீடியோவை அவர் எங்கே உட்கார்ந்து எடுத்தார் தெரியுமா? மெக்சிகோவின் கடற்கரை ஊரான காபோ சான் லூகாஸில்! மகள் கல்யாணத்தை முடித்த கையோடு, எட்டுப் பேராகத் தனி விமானம் ஏறி அங்கே போயிருந்தார்கள்.

கதை இதோடு முடியவில்லை. செய்தி வெளியே வந்ததும் கொதித்தெழுந்தவர்களில் ஒருவர் அதே டெக்சாஸின் செனட்டர் டெட் குரூஸ். அட்லர் மாற்றுக் கட்சிக்காரர். சும்மா விடுவாரா? வேஷதாரிகள், முழு வேஷதாரிகள் என்று ட்விட்டரில் வெளுத்து வாங்கினார். அடுத்த இரண்டே மாதத்தில், 2021 பிப்ரவரியில், டெக்சாஸைப் பனிப்புயல் தாக்கியது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இல்லாமல் இருண்டு கிடந்தன. வீட்டுக்குள்ளேயே குளிரில் விறைத்து மனிதர்கள் செத்தார்கள். அரசுக் கணக்கிலேயே 246 உயிர்கள் போயின. அந்த வாரத்தில் குரூஸ் குடும்பத்தோடு விமானம் ஏறினார். எங்கே? அதே மெக்சிகோவுக்கு! ஊர் மட்டும்தான் வேறு, கான்கூன். விமான நிலையத்தில் யாரோ எடுத்த படம் நாடெங்கும் பரவியதும், மறுநாளே திரும்பி வந்து தப்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதற்கு அமெரிக்கப் பொதுவாழ்க்கையைப் போல ஓர் உரைகல் கிடைக்காது. கட்சி பார்த்து இதைச் சொல்லவில்லை, இரண்டு கட்சியிலும் மண்குடமும் உண்டு, பொன்குடமும் உண்டு. என்னை வாய் பிளக்க வைத்தது இன்னொரு விஷயம். இதற்கெல்லாம் சாட்சி எதிரி நாட்டுக்காரன் சொன்ன கதை இல்லை. அவர்களே எழுதிய கடிதம், அவர்களே போட்ட கணக்கு, அவர்களே எடுத்த வீடியோ, அவர்களே செதுக்கிய கல்!

எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். அந்த நாட்களில் பிலடெல்பியாவில் அவருக்குப் பணிவிடை செய்தது யார் தெரியுமா? ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயது அடிமைப் பையன்! வாழ்நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஜெஃபர்சனுக்கு உடைமையாக இருந்தவர்கள் 600 பேருக்கும் மேல். பிரகடனத்தின் 50ஆவது ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4ஆம் தேதியே அவர் கண்ணை மூடினார். விட்டுப்போன கடன் மலையளவு. அதை அடைக்க, அடுத்த ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் ஏலம் நடந்தது. மேஜை நாற்காலிகளோடு சேர்த்து 130 மனிதர்கள் விற்பனைக்கு நிறுத்தப்பட்டார்கள்.

முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் கதை இன்னும் திகைக்க வைக்கும். அப்போது தலைநகரம் பிலடெல்பியா. பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை அங்கே தொடர்ந்து ஆறு மாதம் இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். நாட்டின் அதிபர் என்ன செய்தார்? ஆறு மாதம் முடிவதற்குள் அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்தார். நாள்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்! இதற்கு ஏதாவது சாக்குச் சொல்லுங்கள், அவர்களுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது என்று 1791 ஏப்ரலில் தன் செயலாளர் டோபியாஸ் லியருக்கு அவரே எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

அந்த வீட்டில் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குத் தலை பின்னி, உடை உடுத்திவிட்டவள் ஓனா ஜட்ஜ். வயது 22 இருக்கும். மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கல்யாணச் சீராகக் கொடுக்கப்போகிறார்கள் என்பது அவள் காதில் விழுந்தது. 1796 மே மாதம் ஒரு நாள், எஜமானரும் எஜமானியும் சாப்பாட்டு மேஜையில் இருந்த நேரம் பார்த்து வாசலைத் தாண்டி நடந்தாள். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பிடித்துக் கொடுத்தால் 10 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வாஷிங்டன் அதோடு விட்டாரா? ஒரு பெண்ணைத் தேட நாட்டின் நிதியமைச்சரையும், அவர் மூலம் துறைமுகச் சுங்க அதிகாரியையும் முடுக்கிவிட்டார்! மூன்று வருடம் கழித்தும் ஆள் அனுப்பினார். கிடைக்கவில்லை. தன் பெயரில் இருந்த அடிமைகளுக்கு விடுதலை என்று வாஷிங்டன் உயிலில் எழுதினார், அது அவருடைய நற்செயல்தான். ஆனால் ஓனா மார்த்தாவின் முதல் கணவர் சொத்தில் சேர்ந்தவள் என்பதால் அந்த உயில் அவளைத் தொடவில்லை. 1848இல் சாகும்வரை சட்டத்தின் கண்ணில் அவள் தப்பியோடிய அடிமைதான்.

சுதந்திர தேவி சிலை பெண் உருவம்தானே? 1886 அக்டோபர் 28 அன்று திறப்பு விழா நடந்தபோது, பிரெஞ்சு விருந்தினரின் மனைவிமார் போன்ற ஓரிருவரைத் தவிர, அந்தத் தீவில் பெண்கள் கால்வைக்க அனுமதி இல்லை தெரியுமா? வாக்குரிமை கேட்ட பெண்கள் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, தீவைச் சுற்றி வந்து தண்ணீரில் நின்றே கண்டனம் முழங்கினார்கள். நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டு கிடைக்க 1920 வரை ஆயிற்று.

அதே 1920இல்தான் மதுவிலக்கு நாடெங்கும் அமலுக்கு வந்தது. சாராயம் விற்றவன் ஜெயிலுக்குப் போனான். சட்டம் போட்ட நாடாளுமன்றத்துக்குள் என்ன நடந்தது தெரியுமா? ஜார்ஜ் காசிடி என்று ஒருவர், முதல் உலகப் போரில் இருந்துவிட்டு வந்தவர். உறுப்பினர்களுக்குச் சரக்கு கொண்டுவந்து கொடுப்பதே அவர் தொழில். பிரதிநிதிகள் சபையின் அலுவலகக் கட்டடத்திலேயே அவருக்கென்று ஓர் அறை! 1925இல் அங்கே பிடிபட்டார். அப்போது பச்சைத் தொப்பி போட்டிருந்ததால் ‘பச்சைத் தொப்பிக்காரர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் நுழையக்கூடாது என்று தடை வந்ததும் வியாபாரத்தை செனட் பக்கம் மாற்றிக்கொண்டார். 1930இல் மறுபடி பிடிபட்ட பிறகு, வாஷிங்டன் போஸ்ட்டில் தொடர் கட்டுரையாக எல்லாவற்றையும் எழுதித் தள்ளினார். ஐந்து உறுப்பினர்களில் நான்கு பேர் குடிக்கிறார்கள் என்பது அவர் கொடுத்த கணக்கு. செனட்டராக இருந்தபோது மதுவிலக்குத் திருத்தத்துக்கு ஓட்டுப்போட்ட வாரன் ஹார்டிங், அதிபரானதும் வெள்ளை மாளிகை மாடியில் நண்பர்களோடு சீட்டாடியபடி விஸ்கி பரிமாறினார். மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர்களில் ஏழைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! நினைத்தாலே வயிறு எரிகிறது.

அடுத்து நான் சொல்லப்போவதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1944. ஹிட்லரின் இனவெறியை எதிர்த்து அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருக்கிறது. கார்ப்பரல் ரூபர்ட் டிரிமிங்ஹாம் என்ற கறுப்பினச் சிப்பாய், இன்னும் எட்டுக் கறுப்பினச் சிப்பாய்களோடு லூசியானா முகாமிலிருந்து அரிசோனாவுக்கு ரயிலில் போகிறார். வழியில் ஓர் ஊரில் இரவு தங்க வேண்டியதாயிற்று. சுற்றுவட்டாரத்தில் ஒரு கடையிலும் அவர்களுக்கு ஒரு கப் காபி கொடுக்க ஆளில்லை. கடைசியில் ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடையில் சம்மதித்தார்கள், ஆனால் பின்பக்கமாகச் சமையல்கட்டுக்குள் போய்த்தான் சாப்பிட வேண்டும். மறுநாள் காலை பதினொன்றரை மணி வாக்கில், இரண்டு அமெரிக்கக் காவலர்களோடு சுமார் இரண்டு டஜன் பேர் அதே நிலையத்துக்கு வந்தார்கள். ஜெர்மன் போர்க்கைதிகள்! நேராக முன்பக்கக் கூடத்துக்குள் போனார்கள், மேஜையில் உட்கார்ந்தார்கள், பரிமாறப்பட்டது. பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள், சிகரெட் பிடித்தார்கள். அமெரிக்கச் சீருடை போட்ட ஒன்பது பேரும் வெளியே நின்று அதைப் பார்த்தார்கள்.

நாங்கள் எதற்காகத்தான் போரிடுகிறோம் என்று கேட்டு டிரிமிங்ஹாம் ராணுவத்தினரின் ‘யாங்க்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகை அதை அப்படியே போட்டது. அதைப் படித்துவிட்டு அவருக்கு வந்த கடிதங்கள் 287. அவற்றில் 183 வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ராணுவப் பெண்களும் எழுதியவை! எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்று எழுதும் மனிதர்களும் அதே நாட்டில்தான் இருந்தார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

ரத்தத்துக்கும் நிறம் பார்த்தார்கள் தெரியுமா? போர்க்காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பினத்தவரின் ரத்தத்தை வாங்கவே மறுத்தது. 1942இல் வாங்கத் தொடங்கியபோதும் தனியாகப் பிரித்துவைத்தது. இந்தப் பாகுபாடு போக 1950 ஆயிற்று. அந்த ரத்த சேமிப்புத் திட்டத்தையே முன்னின்று அமைத்துக் கொடுத்த டாக்டர் சார்லஸ் ட்ரூ யார்? ஒரு கறுப்பினத்தவர்!

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் வேலைநேரம், கூடுதல் நேரச் சம்பளம், பணியிடப் பாதுகாப்பு, பாகுபாடு கூடாது என்று நாடாளுமன்றம் அடுக்கடுக்காகச் சட்டம் போட்டது. 1995 வரை அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை நாடாளுமன்றத்தின் சொந்த ஊழியர்களுக்குப் பொருந்தாது! அதனால்தான் நாட்டின் ‘கடைசி அடிமைப் பண்ணை’ என்று அந்த இடத்துக்கே பெயர். உறுப்பினர்கள் பங்குச்சந்தையில் வாங்குவதையும் விற்பதையும் 45 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2012இல் வந்தது. தவறினால் வழக்கமான அபராதம் எவ்வளவு தெரியுமா? வெறும் 200 டாலர்.

1998 டிசம்பர் 19. அதிபர் பில் கிளிண்டன் தன் அலுவலகத்தில் பணிபுரிந்த இளம்பெண்ணோடு கொண்ட உறவைப் பற்றிச் சத்தியம் செய்து பொய் சொன்னார் என்று பிரதிநிதிகள் சபை அவர்மீது பதவி நீக்கக் குற்றச்சாட்டு நிறைவேற்றிய நாள். கிளிண்டன் செய்தது தப்பு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த உறவு நீடித்த காலத்திலேயே, 1996இல், ‘திருமணப் பாதுகாப்புச் சட்டம்’ என்ற பெயரில் ஒருபாலினத் திருமணத்துக்கு எதிரான சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பாருங்கள்! அன்றைய சபாநாயகர் நியூட் கிங்ரிச். அதே நாட்களில் தனக்கும் மனைவியல்லாத வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது என்று 2007இல் ஒப்புக்கொண்டார். அவருக்கு அடுத்து சபாநாயகராக வேண்டியவர் பாப் லிவிங்ஸ்டன். அந்த டிசம்பர் 19 அன்று சபையில் எழுந்து, கிளிண்டன் பதவி விலக வேண்டும் என்றார். அதே பேச்சில் நானும் விலகுகிறேன் என்றார். அவருடைய கள்ள உறவுகள் அம்பலமாகியிருந்தன! சரி, கறைபடாத ஒருவர் வேண்டும் என்று தேடி டென்னிஸ் ஹாஸ்டர்ட்டை உட்கார வைத்தார்கள். எட்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் முன்பு பள்ளியில் மல்யுத்தப் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் சிறுவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்ததை மறைக்க, ஒருவருக்கு 17 லட்சம் டாலர் கொடுத்துவந்தது பிறகு வெளிப்பட்டது. குற்றம் நடந்து காலம் கடந்துவிட்டதால் அதற்குத் தண்டனை தர வழியில்லை. வங்கிப் பணத்தை விதிக்குத் தப்பி எடுத்த குற்றத்துக்கு மட்டும் 2016இல் 15 மாதச் சிறை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்!

2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கலியா இறந்தார். அதிபர் ஒபாமா அந்த இடத்துக்கு மெரிக் கார்லண்டை நியமித்தபோது தேர்தலுக்கு ஏறக்குறைய எட்டு மாதம் இருந்தது. தேர்தல் ஆண்டில் கூடாது, மக்கள் முடிவு செய்யட்டும் என்று மாற்றுக் கட்சியின் மிட்ச் மெக்கானல் தலைமையிலான செனட் அவரை விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. 293 நாள் கிடப்பிலேயே கிடந்து அந்த நியமனம் காலாவதியானது. 2020 செப்டம்பரில் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தார். அதே மெக்கானல், அதே தேர்தல் ஆண்டு! இப்போது தங்கள் கட்சி அதிபர் செய்த ஆமி கோனி பேரட் நியமனத்தைத் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு நிறைவேற்றி முடித்தார்கள். நாளைக்கு நாங்கள் மாறினால் என் சொல்லையே எடுத்து எனக்கு எதிராகப் பயன்படுத்துங்கள் என்று 2016இல் சவால் விட்ட லிண்ட்சே கிரகாம்தான், 2020இல் அந்த நியமனத்தை விசாரித்த குழுவின் தலைவர். எதிர்த்தரப்பும் அப்படியே தலைகீழானது. உடனே ஓட்டெடுங்கள் என்று 2016இல் கூவியவர்கள், தேர்தல் முடியட்டும் என்று 2020இல் கேட்டார்கள்.

500 கிராம் தூள் கொக்கெய்ன் வைத்திருந்து விற்றால் குறைந்தது 5 வருடச் சிறை. அதையே சமைத்துக் கட்டியாக்கினால் ‘கிராக்’. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அதே 5 வருடத்துக்கு எத்தனை கிராம் போதும் தெரியுமா? 5 கிராம்! நூற்றில் ஒரு பங்கு. பொருள் ஒன்றுதான். தூள் வாங்கியவர்கள் வசதிக்காரர்கள், கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல் திருத்தினார்கள், சமமாக்கவில்லை. 5 கிராம் 28 கிராம் ஆயிற்று.

நெல்சன் மண்டேலா தெரியும், நோபல் பரிசு தெரியும். 2008 ஜூலை வரை அவர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது தெரியுமா? தென்னாப்பிரிக்க அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், 90 வயதை எட்டப்போகிறவர், அமெரிக்கா வருவதற்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது! சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் அமெரிக்கா உறுப்பினர் இல்லை. தங்கள் ஆட்களை அந்த நீதிமன்றம் பிடித்துவைத்தால் விடுவிக்க எந்த வழியையும் கையாளலாம் என்று 2002இல் சட்டமே போட்டுவைத்திருக்கிறது. 2023இல் அதே நீதிமன்றம் ரஷ்யாவின் புதினுக்குப் பிடியாணை பிறப்பித்தபோது, நியாயம்தான் என்றார் அதிபர் பைடன். 2024இல் இஸ்ரேலின் நெதன்யாகுவுக்குப் பிறப்பித்தபோது, அக்கிரமம் என்றார்.

நாடெங்கும் ஜனநாயகம் பேசும் தலைநகர் வாஷிங்டனின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 6,89,545. வயோமிங் மாநிலத்தில் 5,76,851 பேர்தான். வயோமிங்குக்கு இரண்டு செனட்டர்கள். தலைநகருக்கு ஒருவர்கூட இல்லை! பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு பிரதிநிதி, அவருக்கும் சட்டங்களின் இறுதி வாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியா என்று கேட்டுத்தான் பிரிட்டனை எதிர்த்து இந்த நாடே எழுந்தது. அதே வாசகத்தை 2000 முதல் தலைநகரின் கார்கள் நம்பர் பிளேட்டில் சுமந்து ஓடுகின்றன.

கடைசியாக ஸ்ட்ராம் தர்மண்ட். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாகப் படிக்கக்கூடாது, ஒன்றாக வாழக்கூடாது என்று முழங்கி, 1948இல் அதிபர் தேர்தலில் நின்று நான்கு தென்மாநிலங்களை வென்றவர். 1957இல் கறுப்பினத்தவரின் உரிமைச் சட்டத்தைத் தடுக்க செனட்டில் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். 2025இல் கோரி புக்கர் என்ற கறுப்பினச் செனட்டர் 25 மணி 5 நிமிடம் பேசும்வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. இந்த தர்மண்ட்டுக்கு 22 வயது இருக்கும்போது, பெற்றோர் வீட்டில் வேலை செய்த கேரி பட்லர் என்ற 16 வயதுக் கறுப்பினப் பெண்ணோடு உறவு இருந்தது. 1925இல் பிறந்த மகள் எஸ்ஸி மே. 16 வயதில்தான் அப்பாவை முதன்முதலாகப் பார்த்தாள். அவர் பணம் கொடுத்தார், கல்லூரிக்குப் போய்ப் பார்த்தார். மேடையேறினால் அவள் இனத்தையே தள்ளிவைக்கச் சொன்னார். அப்பாவின் மானம் போகக்கூடாதென்று அந்தப் பெண் 60 வருடத்துக்கும் மேல் வாயைத் திறக்கவில்லை! 2003 ஜூனில் தர்மண்ட் 100 வயதில் இறந்தார். அந்த டிசம்பரில், 78 வயதில், எஸ்ஸி மே நான் அவர் மகள் என்று உலகுக்குச் சொன்னார்.

தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், மாநில சட்டமன்ற வளாகத்தில் தர்மண்ட்டுக்குச் சிலை இருக்கிறது. அமெரிக்காவில் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போனால், சிலைக்குக் கீழே கல்லை ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள் என்று முதலில் செதுக்கியிருந்தார்கள். 2004இல் அந்த ‘நான்கு’ என்ற சொல்லை அடைத்து, அதன்மேல் ‘ஐந்து’ என்று செதுக்கி, கடைசியில் எஸ்ஸி மேயின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.